சண்டையா, பிணக்கா, கருத்து வேறுபாடா? ஆங்கிலச் சொற்களும் எங்கள் சொற்களும்

ஆங்கிலத்தில் 'ஆர்கியூ' என்ற ஒரே வினைச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சட்டத்தரணி நீதிமன்றத்தில் காரணம் காட்டி வாதிடுவதும் ஆர்கியூதான். புருசனும் பெண்சாதியும் குசினிக்குள் நின்று சத்தம் போடுவதும் ஆர்கியூதான். தமிழில் முதலாவது வாதம். இரண்டாவது வாய்த்தர்க்கம், எங்கள் பக்கப் பேச்சில் கொழுவல். ஒன்றை மற்றதாக மொழிபெயர்த்தால் வாதாடியவர் சண்டைக்காரர் ஆகிவிடுவார்.

செய்திகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் இருப்பதால் இந்தச் சிக்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் இது செய்தியறையோடு முடிகிற சங்கதி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கடிதம் வராத வீடு குறைவு. வெளிநாட்டிலுள்ள உறவுகளிடமிருந்து, அவர்களுடைய சட்டத்தரணிகளிடமிருந்து, வங்கியிலிருந்து, திணைக்களங்களிலிருந்து வருகிறது. அதிலுள்ள ஒரு சொல்லை எப்படி வாசிக்கிறோம் என்பதில் சில வேளை ஒரு காணியும், சில வேளை ஓர் உறவும் தங்கியிருக்கிறது.

ஒரு கடிதம்

அரியாலையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அண்ணன் கனடாவில், தங்கை ஊரில். தாய் தகப்பன் விட்டுப்போன காணியைப் பற்றி அண்ணனின் சட்டத்தரணி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். தங்கை அதை அயலில் ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்திருக்கிறார். பிறகு என்னிடம் கொண்டுவந்தபோது அவர் சொன்னது இதுதான்: "அண்ணை என்னோட சண்டைக்கு நிக்கிறார் தம்பி. பக்கச்சார்பு இல்லாமல் எண்டும் எழுதியிருக்காம்."

கடிதத்தில் இருந்த சொல் 'டிஸ்பியூட்'. கிழக்கு எல்லை பற்றி நீங்கள் சொல்வதை எங்கள் கட்சிக்காரர் ஏற்கவில்லை என்பதே அதன் பொருள். தலைப்பில் 'வித்தவுட் பிரஜுடிஸ்' என்றிருந்தது. அகராதியைப் பார்த்தால் பிரஜுடிஸ் என்பதற்குப் பக்கச்சார்பு, தப்பெண்ணம் என்றுதான் வரும். சட்டக் கடிதத்தில் அந்தத் தொடருக்கு வேறு பொருள். 'சமாதானத்துக்காக நான் இதில் ஏதாவது விட்டுக்கொடுப்பதாகச் சொன்னால், அதை நான் ஒப்புக்கொண்டதாகக் காட்டி நாளைக்கு எனக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது' என்பதுதான் அது. அதாவது அண்ணன் இணங்கிப் போகும் எண்ணத்தோடுதான் கடிதம் போட்டிருந்தார். அதைச் சண்டை என்று வாசித்ததால் தங்கை மூன்று மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை.

இப்படியான சொல் எதையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும். கருத்து மாறுபடுவது விடயத்திலா, ஆளோடா? சூடு எவ்வளவு? அதை முடித்துவைப்பது யார்?

விடயத்தில் நிற்கும் சொற்கள், ஆளில் ஏறும் சொற்கள்

விடயத்தோடு நிற்பவற்றில் மெல்லியது 'டிஸ்கஸ்', கலந்துரையாடல். இதில் எதிர்த்தரப்பே தேவையில்லை. லத்தீன் மூலத்தில் இதற்கு உதறிப் பிரித்தல் என்று பொருள். பொருளை உதறிப் பார்ப்பதுதான் டிஸ்கஸ். எங்கள் மாணவர் பலர் இந்தச் சொல்லோடு 'எபவுட்' சேர்த்து எழுதுகிறார்கள், 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்ற தமிழ் அமைப்பின் பழக்கத்தில். ஆங்கிலத்தில் அங்கே எபவுட் வராது.

அடுத்தது 'டிபேட்', விவாதம். அடித்தல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது என்றாலும் இன்று இதில் அடி இல்லை, ஒழுங்கு இருக்கிறது. இரண்டு பக்கம், நேர அளவு, நடுவர் அல்லது சபாநாயகர். நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தில் நடப்பது விவாதம். பாடசாலை மேடையில் நடப்பதும் அதுதான்.

'ஆர்கியூ' இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. பின்னால் வரும் சிறு சொல்தான் எந்தப் பக்கம் என்று காட்டும். 'ஆர்கியூ தற்' என்றால் இன்ன காரணத்தால் இது இப்படி என்று வாதிடுவது. 'ஆர்கியூ ஃபோர்' ஒன்றுக்காக வாதாடுவது. 'ஆர்கியூ அகெய்ன்ஸ்ட்' ஒன்றுக்கு எதிராக வாதாடுவது. 'ஆர்கியூ வித்' என்று ஓர் ஆளைச் சேர்த்தால் பெரும்பாலும் வாய்த்தர்க்கமாகிவிடும். 'ஐ ஆர்கியூட் வித் மை டீச்சர்' என்று எழுதும் மாணவர், ஆசிரியரோடு சரிக்குச் சரி வாய்காட்டியதாகத்தான் ஆங்கிலக்காரர் விளங்கிக்கொள்வார். கருத்தை முன்வைத்ததைச் சொல்ல வேண்டுமானால் 'டிஸ்அக்ரீட் வித்' போதும்.

இனி ஆளில் ஏறும் சொற்கள். 'குவாரல்' என்பது சண்டை, மனக்கசப்பு. முறையிடல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதில் உறவு முறியும் சாயல் உண்டு. 'அவையளோட இப்ப கதைபேச்சு இல்லை' என்று நாங்கள் சொல்கிற நிலையை இது எட்டலாம். 'றோ' என்பது பிரித்தானியப் பத்திரிகைகளின் செல்லச் சொல். வீட்டுச் சத்தத்தையும் அரசியல் சர்ச்சையையும் அது குறிக்கும். எழுத்தில் வரிசையைக் குறிக்கும் 'ரோ' என்ற சொல்லும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும், உச்சரிப்பு வேறு. சர்ச்சையைக் குறிப்பது 'கௌ' என்ற பசுவின் பெயரோடு ஒத்து ஒலிக்கும்.

'பிக்கர்' என்பது சின்ன விடயத்துக்கு விடாமல் பிடுங்குப்படுவது. 'ஸ்குவாபில்' சில்லறைச் சண்டை, பெரும்பாலும் அற்பமானது என்று எழுதுபவர் கருதும்போது வரும். எனவே ஒரு கட்சிக்குள் நடப்பதை ஸ்குவாபில் என்று ஒரு நிருபர் எழுதினால் அதில் அவருடைய தீர்ப்பும் சேர்ந்திருக்கிறது. தமிழில் 'பிடுங்குப்பாடு' என்று போட்டால் அந்தத் தீர்ப்பும் கூடவே வரும். 'கருத்து முரண்பாடு' என்று போட்டால் வராது. 'ராங்கிள்' இழுபட்டுக்கொண்டே போகும் வாக்குவாதம். இழுபறி என்பது அதற்குக் கிட்டிய சொல். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் வகுப்புப் பெற்றவர்களை 'ராங்ளர்' என்று அழைப்பார்கள். மாணவரை வாதப்போரில் விட்டுத் தரம் பிரித்த பழைய காலத்தின் மிச்சம் அது.

தமிழிலும் இப்படி நழுவிய சொல் உண்டு. தர்க்கம் என்றால் அளவை நூல், நியாயம் காட்டும் கலை. அதே சொல்தான் 'அவையள் தர்க்கப்பட்டவை' என்று பேச்சில் சண்டையாகிவிட்டது. ஆர்கியூவுக்கு நடந்தது தர்க்கத்துக்கும் நடந்திருக்கிறது.

பிணக்கு: ஒரு நல்ல சொல்

'டிஸ்பியூட்' என்பதற்கு இலங்கைச் சட்டத் தமிழ் எடுத்துக்கொண்ட சொல் பிணக்கு. பிணங்குதல் என்றால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வது என்றும் பொருள். இரண்டு பேர் ஒரு காணியிலோ ஒரு கடனிலோ சிக்கி நிற்கிறார்கள். சிக்கை அவிழ்க்கலாம், யாரும் கெட்டவர் இல்லை. சண்டை என்ற சொல் இந்த இடத்தைத் தராது.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் முழுவதும் இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கின்றன. எங்கள் சனம் அவற்றை இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்லும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பழைய சபைகளின் பெயர் நாக்கில் தங்கிவிட்டது. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை. பிணக்காளர் இருவரும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுகிறார். இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். சட்டம் குறித்த வகைப் பிணக்குகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. 'ஆர்பிட்ரேஷன்' அப்படியல்ல. 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் நடுத்தீர்ப்பில் நடுவர் சொல்வது கட்டுப்படுத்தும். ஆங்கில ஒப்பந்தம் ஒன்றில் 'மீடியேஷன்' என்றிருக்கிறதா 'ஆர்பிட்ரேஷன்' என்றிருக்கிறதா என்பதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

பிணக்குக்கும் சண்டைக்கும் இடையிலுள்ள கோட்டை எங்கள் வேலிகள் நன்றாகக் காட்டும். வேலியடைக்கும்போது கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதால் தொடங்குவது பிணக்கு. அதனால் அமைதி குலையும் ஆபத்து வந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்குகிறது. பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம், தரப்பினரும் போகலாம். அங்கே நீதவான் முதன்மையாகப் பார்ப்பது காணி யாருடையது என்பதையல்ல, யார் ஆட்சியில் இருந்தார் என்பதை. அறிக்கையிட்ட நாளுக்கு முந்திய 2 மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அதையும் பார்ப்பார். உரித்தைத் தீர்ப்பது வேறு வழக்கு.

எனவே முறைப்பாடு எழுதும்போது 'அயலவர் என்னோடு சண்டை பிடித்தார்' என்று மட்டும் எழுதினால் எழுதுபவர் தன் விடயத்தையே விட்டுவிடுகிறார். எல்லை பற்றிப் பிணக்கு, இத்தனையாம் திகதி வேலி பிடுங்கப்பட்டது, அதுவரை காணி என் ஆட்சியில் இருந்தது, அமைதி குலையும் நிலை உள்ளது: இந்த நான்கும் வெவ்வேறு செய்திகள். கைகலப்பு நடந்திருந்தால் அது ஐந்தாவது, குற்றவியல் விடயம். எல்லாவற்றையும் சண்டை என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டக் கூடாது.

மறுப்பதிலும் தரம் உண்டு

செய்தித் தமிழில் 'மறுத்தார்' என்ற சொல்தான் அதிகம் உழைக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் குறைந்தது ஐந்து சொற்கள் இருக்கின்றன.

'டினை' என்றால் அப்படி நடக்கவில்லை என்று சொல்வது. ஆதாரம் எதுவும் தேவையில்லை. 'றிஜெக்ட்' என்றால் ஏற்கமாட்டேன் என்று தள்ளிவிடுவது, நிராகரிப்பு. ஓர் அறிக்கை உண்மையா பொய்யா என்று பேசாமலே அதை நிராகரிக்கலாம். 'டிஸ்பியூட்' வினையாக வந்தால் அது சரிதானா என்று கேள்விக்குட்படுத்துவது. 'றிபட்' என்றால் எதிர்வாதம் வைப்பது. 'றிஃபியூட்' என்றால் பிழை என்று நிறுவிக் காட்டுவது.

கடைசி இரண்டும் மாறினால் ஆபத்து. ஓர் அமைச்சர் குற்றச்சாட்டை 'றிஃபியூட்' செய்தார் என்று எழுதினால், கறாரான ஆங்கிலத்தில் அவர் அதைப் பொய்யென்று நிரூபித்துவிட்டார் என்று பொருள். இன்று ஆங்கில ஊடகங்களே இதைச் சும்மா மறுத்தார் என்ற பொருளில் எழுதுகின்றன. தமிழுக்கு வரும்போது 'குற்றச்சாட்டை முறியடித்தார்' என்று போட்டால் நாங்களே அவருக்கு வெற்றியைக் கொடுத்தவர்கள் ஆவோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வாசிக்கிற மொழியில் 'மறுத்தார்', 'நிராகரித்தார்', 'ஆதாரத்தோடு மறுத்தார்' என்ற மூன்றையும் கலக்கக் கூடாது.

உரிமைகோரலும் ஆட்சேபனையும்

'ஒப்ஜெக்ட்' என்பது ஆட்சேபனை; ஒருவர் முன்னிலையில், ஒரு நடைமுறைக்குள் சொல்லப்படுவது. 'புரொட்டெஸ்ட்' எதிர்ப்பு, தெருவிலும் நடக்கும். 'கிளெய்ம்' உரிமைகோரல், இது எனக்குச் சேர வேண்டியது என்று நிலைநாட்டுவது. 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கில் 5,940 ஏக்கர் காணி பற்றிய அறிவித்தல் அது. கேட்டது உரிமைகோரல், 3 மாதத்துக்குள். உரியவர்களில் பலர் வெளிநாட்டில். உறுதிகள் போரில் போய்விட்டன. எதிர்ப்புப் பெரிதாக எழுந்தது. ஜூன் 27ஆம் திகதி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தெருவில் நின்றது எதிர்ப்பு, நீதிமன்றத்தில் வைத்தது ஆட்சேபனை, திணைக்களம் கேட்டது உரிமைகோரல். மூன்றும் தேவைப்படலாம்; ஆனால் ஒன்று மற்றதின் இடத்தை நிரப்பாது.

'டிஸ்ஸென்ட்' இன்னொரு வகை. ஒரே சபையில், ஒரே ஆயத்தில் இருந்துகொண்டே பெரும்பான்மையோடு உடன்படாமை. 1987இல் 13ஆவது திருத்தச் சட்டமூலத்தை உயர்நீதிமன்றத்தின் 9 நீதியரசர்கள் ஆராய்ந்தபோது 4 பேர் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டார்கள். நீதியரசர் வனசுந்தர எழுதியது அத்தகைய மாறுபட்ட தீர்ப்பு. இதை 'எதிர்ப்பு' என்று மொழிபெயர்த்தால் அவர் ஏதோ போராட்டம் செய்தவர் ஆகிறார். 'சிறுபான்மைத் தீர்ப்பு' என்று போட்டால் எங்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் இருப்பதால் வாசகர் வேறெதையோ விளங்கிக்கொள்வார். மாறுபட்ட தீர்ப்பு என்பதே பொருத்தம்.

கொன்ஃப்ளிக்ட்: எந்தத் தமிழ்?

எங்களுக்கு மிகக் கனமான சொல் இது. 'எத்னிக் கொன்ஃப்ளிக்ட்' என்பதை இனப்பிரச்சினை என்கிறோம், இனமுரண்பாடு என்கிறோம், இனமோதல் என்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. பிரச்சினை என்றால் தீர்க்க வேண்டிய ஒன்று. ஆனால் யாருக்கு யார் பிரச்சினை என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. முரண்பாடு இரண்டு தரப்பை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இருவருக்கும் ஒரே பலம் போலக் காட்டலாம். மோதல் சூட்டைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. 'ஆர்ம்ட் கொன்ஃப்ளிக்ட்' என்பது இவற்றிலிருந்து வேறான சட்டச் சொல். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளில் வருவது. அங்கே ஆயுத மோதல் என்று எழுதுவது சரி; ஏனெனில் போர்ச்சட்டம் பொருந்துமா என்பதே அந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது. 'கொன்ஃப்ளிக்ட் ஒஃப் இன்டரெஸ்ட்' என்பதில் மோதலும் இல்லை, சண்டையும் இல்லை. ஒரே ஆளுக்குள் இரண்டு நலன்கள் முரண்படுவது, நலமுரண்.

ஒரு சொல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு 2002ஐ விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. பெப்ரவரி 22இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னான காலத்தில் நோர்வே தன்னை 'ஃபசிலிட்டேட்டர்' என்றது, 'மீடியேட்டர்' என்று சொல்லவில்லை. தமிழ்ப் பத்திரிகைகள் அதை அனுசரணையாளர் என்று எழுதின. மத்தியஸ்தர் என்றால் தீர்வுக்கு வழி முன்வைக்கும் இடம் அவருக்கு உண்டு. அனுசரணையாளர் தரப்புகளைச் சந்திக்க வைப்பவர், பேச்சுக்கு வசதி செய்பவர். சனங்கள் மத்தியஸ்தரை எதிர்பார்த்தார்கள், இருந்தது அனுசரணையாளர்.

எங்கள் மொழியில் இருந்தவை

தமிழில் இந்த நுட்பங்கள் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்திய நியாய நூல் மரபு விவாதத்தை மூன்றாக வகுத்தது. உண்மையைத் தேடுவது வாதம். எப்படியாவது வெல்லப் பார்ப்பது சற்பம். தனக்கென்று ஒரு நிலை வைக்காமல் மற்றவர் சொல்வதை உடைப்பது மட்டுமே வேலையானால் அது விதண்டை. மூன்றாவது சொல் விதண்டாவாதமாக இன்றும் எங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை.

பவணந்தியின் நன்னூல் நூலாசிரியர் கொள்ளத்தக்க ஏழு நிலைகளைச் சொல்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபடும் இடத்தில் ஒன்றைத் துணியலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். எதிலும் படாமல் தன் கொள்கையில் நிற்கலாம். இன்றைய ஆய்வுக் கட்டுரைக்கும் இது போதும்.

அன்புக்குள் வரும் மாறுபாட்டுக்கும் எங்களிடம் சொல் உண்டு. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. மனதுக்குள் பிணங்குவதற்கும் அதில் ஒரு மகிழ்ச்சி இருப்பதற்கும் தனித்தனி இடம் வைத்த மொழி இது. ஆங்கிலத்தின் 'டிஃப்' ஊடலுக்குக் கிட்ட வரும், ஆனால் இனிமை வராது. அதே நூலில் இகல் என்று 86ஆவது அதிகாரமும் உண்டு. அது மனிதரைப் பிரித்துவைக்கும் பகையுணர்வு பற்றியது. ஊடலை இறுதியில் கொண்டாடிய நூல் இகலை நோய் என்றே பார்க்கிறது.

யாழ்ப்பாணத்தின் 19ஆம் நூற்றாண்டு அச்சு வரலாறே ஒரு விவாத வரலாறு. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம், 1869இன் போலியருட்பா மறுப்பு என்ற தலைப்புகளைப் பாருங்கள். தூஷணம், பரிகாரம், மறுப்பு, கண்டனம் என்று ஒவ்வொன்றும் வேறு வேலைக்கான சொல். இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் பற்றிய அந்த மறுப்பு கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நூலைப் பற்றிய மறுப்பு ஆளைப் பற்றிய வழக்கானது. விடயத்திலிருந்து ஆளுக்கு ஏறும் அந்தப் படியை அவ்வளவு சொல்லாட்சி உள்ளவர்களாலும் தவிர்க்க முடியவில்லை.

எழுதும்போது

லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. 'மூட் பொயின்ட்' என்றால் பிரித்தானியாவில் விவாதத்துக்குரிய விடயம். அமெரிக்காவில் இனிப் பேசிப் பயனில்லாத விடயம். ஒரே மின்னஞ்சலை இரண்டு கரையிலும் இரண்டு விதமாக வாசிப்பார்கள். 'வித் றெஸ்பெக்ட்' என்று ஓர் ஆங்கிலேயர் தொடங்கினால் மரியாதை வருகிறது என்று நினைக்க வேண்டாம், மறுப்பு வருகிறது. நாங்கள் 'நீங்கள் சொல்லுறது சரி, ஆனால்…' என்று தொடங்குவதைப் போல.

ஆங்கிலக் கடிதம் ஒன்று கையில் வந்தால், அதை விளங்கப்படுத்துபவரிடம் 'என்ன சொல்லியிருக்கு?' என்று மட்டும் கேளாதீர்கள். 'எந்தச் சொல் போட்டிருக்கு?' என்றும் கேளுங்கள். டிஸ்பியூட் என்றால் பிணக்கு, பேச இடமுண்டு. றிஜெக்ட் என்றால் இந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள், வேறு கோரிக்கை வைக்கலாமா என்று பார்க்கலாம். டினை என்றால் நடந்ததையே இல்லை என்கிறார்கள், ஆதாரம் தேட வேண்டும். வித்தவுட் பிரஜுடிஸ் என்றால் பேசித் தீர்க்கும் எண்ணம் இருக்கக்கூடும். பதில் எழுதுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

அந்த அண்ணனும் தங்கையும் எல்லை விடயத்தில் இன்னும் உடன்படவில்லை. நில அளவையாளர் வர வேண்டும். ஆனால் இப்போது தொலைபேசியில் கதைக்கிறார்கள்.